விருந்துக்குக் கூப்பிடாத குரல்

ஒனுஃப்ரி மரம் வெட்டி. கார்பாத்திய மலையில் மரம் சாயும் நேரத்தில் கீழே நிற்பவர்களை விலகச் சொல்லிக் கத்துவதும் அவன் வேலைதான். அவன் கத்தினால் அடுத்த பள்ளத்தாக்கில் மேயும் மாடு தலை தூக்கும் என்று ஊரில் கேலி பேசுவார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை அந்தக் குரலுக்குத் தனி மரியாதை. முதல் நட்சத்திரம் தெரிந்ததும் தேனும் கசகசாவும் போட்டு வேகவைத்த கோதுமை, அதுதான் கூத்யா, அந்தச் சட்டியோடு வாசலில் நின்று பனியை விருந்துக்கு அழைப்பான். "பனியே, பனியே, வா, கூத்யா சாப்பிடு!" மூன்று தரம் அழைத்தும் வராவிட்டால், அந்த வருஷம் பயிர் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று பனிக்குக் கண்டிப்பாகச் சொல்லிவிடுவான். அழைப்புக் குரல் வராத வீட்டில் பானை ஏறவில்லை என்று அர்த்தம். அந்த வீட்டுக்கு ஒரு சட்டி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத்தான் அக்கம்பக்கத்தார் கை நனைப்பார்கள்.

முதல் உலகச் சண்டை வந்தது. வியன்னாவில் இருந்த ஆஸ்திரியச் சக்கரவர்த்தி அவன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, ஊருக்கு மேலே உள்ள கணவாயிலேயே உட்கார வைத்தார். எதிர்ப் பதுங்குகுழியில் ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்கள். அவர்களில் பாதிப்பேர் பேசியது ஒனுஃப்ரியின் பாஷை, பண்டிகை வழக்கமும் அதேதான். இரண்டு ராஜாக்களுக்கும் அதைப்பற்றிக் கவலை இல்லை.

டிசம்பரில் ஆஸ்திரியக்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் வந்தபோது எதிர்ப்பக்கம் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. ரஷ்யப் பக்கத்திலிருந்து, பொல்தாவா ஊர்க்காரனான சாவா என்ற உழவன் வெறுங்கையைத் தூக்கிக்கொண்டு நடுவெளிக்கு வந்தான். விறைத்துக் கிடந்த பிணங்களை இரண்டு பக்கத்தாரும் சேர்ந்து புதைத்தார்கள். ஒனுஃப்ரியிடம் புகையிலை இல்லை என்று தெரிந்ததும் சாவா தன் பையை அப்படியே அவன் கையில் கவிழ்த்தான்.

"இது ஜெர்மன்காரன் பண்டிகை, சம்பந்தி. நம்ம பழைய பஞ்சாங்கப்படி பண்டிகைக்கு இன்னும் பதிமூணு நாள் இருக்கு. அன்னிக்கு நீ கூப்பிடு, நான் வர்றேன்."

"பனியைக் கூப்பிட்டா நீ வருவியா?"

"உங்க மலைப் பனியைவிட நான் நல்ல விருந்தாளிய்யா."

இந்தப் பேச்சு ஒனுஃப்ரியின் பட்டாளத்துக்குப் புதிதாக வந்திருந்த லெப்டினன்டின் காதுக்குப் போனது. படித்த மனுஷன். ஊர்வழக்கங்களை அக்கறையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டான். அவர்கள் பண்டிகைக்கு முந்தின மாலை வந்ததும் இயந்திரத் துப்பாக்கியை நடுவெளியைப் பார்த்துத் திருப்பி வைத்தான். பிறகு ஒனுஃப்ரியைக் கூப்பிட்டு, உன் பனியை அழை என்றான். எத்தனை பேர் வெளியே வருகிறார்களோ அத்தனையும் லாபம் என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

ஒனுஃப்ரி பேசவில்லை. அவன் ஜில்லாவில் ரஷ்யனுக்கு உளவு சொன்னதாக எத்தனையோ பேரைத் தூக்கில் போட்டிருந்தார்கள் என்பதை லெப்டினன்ட் நினைவுபடுத்தினான். அதற்கும் பேசவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் சாவா பிழைப்பான், அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான். துப்பாக்கிக் கட்டை முகத்தில் இறங்கியது. இரண்டாம் அடியில் தாடை உடைந்து தொங்கியது.

நட்சத்திரம் தெரிந்தது. கணவாயில் ஒரு சத்தமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து சாவாவின் குரல் வந்தது.

"என்ன சம்பந்தி, சத்தத்தையே காணோம்? கோதுமை கிடைக்கலியா? வெக்கப்படாதே, நானே கொண்டாறேன்."

ஒனுஃப்ரிக்கு அப்போதுதான் உறைத்தது. அழைக்காத வீட்டுக்குச் சட்டி வரும். பிறந்ததிலிருந்து தெரிந்த வழக்கம், அன்றைக்கென்று மறந்து தொலைந்தது.

சாவா கையில் சட்டியோடு நடந்து வந்தான். கூட இரண்டு பேர். ஒனுஃப்ரி மண்ணைப் பிடித்து எழுந்து, மரம் சாயும்போது கத்துவதுபோல, வராதே, திரும்பிப் போ என்று கத்தினான். வார்த்தை வரவில்லை. ரத்தமும் ஊளையும்தான் வந்தன.

"அய்யோ, அடிபட்டுக் கெடக்கான்டா," என்று சொல்லிவிட்டு சாவா ஓடி வர ஆரம்பித்தான்.

நன்றாகக் கிட்டத்தில் வரும்வரை லெப்டினன்ட் பொறுத்திருந்தான். மூன்று பேரும் சட்டியைச் சுற்றி விழுந்தார்கள். மூன்று பேர்தானா என்று அவன் சலித்துக்கொண்டான்.

இருட்டியதும் ஒனுஃப்ரியின் பக்கத்துப் பட்டாளத்தார் ஊர்ந்து போய், பனியில் சிந்திய கோதுமையைப் பொறுக்கித் தின்றார்கள். வாரக்கணக்கில் பட்டினி கிடந்தவர்களை என்ன சொல்வது? அதில் ஒருவன் ஒரு பிடியை மிச்சம் வைத்து எடுத்து வந்து, ஒனுஃப்ரியின் உடைந்த வாயில் விரலால் தள்ளினான். தின்னுடா, உனக்குத்தானே கொண்டுவந்தான் என்றான். அவன் நல்ல மனசோடுதான் சொன்னான்.

தாடை கோணலாகக் கூடியது. பட்டாளம் ஒனுஃப்ரியை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அவன் பேசுவது மனைவி யெவ்தோகாவுக்கே பாதிதான் புரியும். கஞ்சியே ஆகாரம். மரம் வெட்டப் போனால், எச்சரிக்க முடியாதவன் கூட எப்படி நிற்பது என்று கூட்டாளிகள் ஒதுக்கிவிட்டார்கள். அடுத்தவர் வீட்டு ஆட்டை மேய்த்துக் காலம் தள்ளினான்.

பண்டிகை மாலையில் பனியை அழைப்பது யெவ்தோகாவின் வேலையாயிற்று. அவள் சட்டியோடு வாசலுக்குப் போய் "பனியே, பனியே, வா" என்றதுமே அவன் அவளைத் தள்ளிவிட்டு இருட்டைப் பார்த்துக் கத்துவான். வராதே, திரும்பிப் போ. அந்தக் குரலின் பலம் மட்டும் குறையவில்லை. பள்ளத்தாக்கு முழுக்க அந்த ஊளை கேட்கும்.

ஊர் சும்மா இருக்குமா? முறையான அழைப்பு வராமல் ஒரு மனுஷன் இப்படி அலறினால் அந்த வீட்டில் பானை ஏறவில்லை என்றுதான் நினைப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் சட்டியில் கூத்யாவோடு பனியில் நடந்து வந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் அவன் இன்னும் உரக்கக் கத்துவான். வருகிறவர்கள் நடையை எட்டிப் போடுவார்கள்.

சாகும்வரை இதுதான் நடந்தது. வந்தவர் வாசற்படி ஏறி உள்ளே வந்து, கதவைச் சாத்திய பிறகுதான் அவன் மூச்சு விடுவான். அவர்கள் கொண்டுவந்ததை அவன் ஒரு தரமும் வாயில் வைக்கவில்லை.