நுரைக்கு அடியில்

நொய்யலில் நுரை வருவது எங்களுக்குப் புதிதல்ல. மழை பெய்தால் சாயக்கழிவு கலந்த தண்ணீர் தடுப்பணையில் விழுந்து நுரைக்கும். அது மிதந்து வந்து எங்கள் ஊர்த் தரைப்பாலத்தின் மேல் முழங்கால் உயரத்துக்கு ஏறி நிற்கும். மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு, காலால் பாலத்தைத் தடவியபடி நடந்துவிடுவோம். வெளியூர்க்காரர்கள் நின்று படம் எடுப்பார்கள். நாங்கள் நிற்பதில்லை.

அன்று மாலையும் நிற்கவில்லை. எங்கள் பக்கம் மழை மதியமே விட்டிருந்தது. மேற்கே மலையில் விடாமல் பெய்துகொண்டிருந்தது தெரியாது.

பக்கத்து வீட்டுப் பெண் பனியன் கம்பெனியில் டெய்லர். ஷிப்ட் முடிந்ததும் பால் கறக்கும் போசிப் பாத்திரத்தோடு அக்கரைத் தென்னந்தோப்புக்குப் போவாள். அவளுடைய காங்கேயம் மாட்டை அங்கேதான், ஆற்றை ஒட்டிய தாழ்வான இடத்தில் கட்டியிருப்பாள். அக்கரையில் என் கிணற்று மோட்டாரைப் பார்க்க நானும் கூடப் போனேன்.

"நுரை இன்னிக்கு ஜாஸ்தியா இருக்குதே அம்மிணி."

"இருக்கட்டுங்ணா. சேலையத் தனியாத் தொவைக்க வேண்டியதில்ல."

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். சில அடிகள் போனவள் நின்றாள்.

"அண்ணா, செருப்பு போயிருச்சுங்க."

நுரை செருப்பை இழுக்காது. பின்னால் இறங்கியிருந்த நான் கையை நீட்டி அவள் பிடித்திருந்த போசியின் மறுபக்கத்தைப் பிடித்தேன். அதைப் பிடித்தபடியே இருவரும் கரைக்கு நகர்ந்தோம். செருப்பு பாலத்தைத் தாண்டி நுரையிலிருந்து வெளிவந்து, எங்கும் தங்காமல் போயிற்று. நுரைக்கு அடியில் ஆறு பாலத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது.

அவள் செருப்பைப் பார்க்கவில்லை. "மாடு கயித்துல நிக்குதுங்ணா" என்றாள்.

தொலைவில் இருக்கும் பெரிய பாலத்தைச் சுற்றிப் போவதற்குள் தண்ணீர் தோப்புக்குள் ஏறிவிடும். தோப்பின் மோட்டார் ரூமில் பீகாரைச் சேர்ந்த வாட்ச்மேன் மனைவியோடு இருந்தார். அவரை போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"பையா, மாட்ட அவுத்து மேட்டுக்கு ஓட்டுங்க." அவர் ஊரில் 'பையா' என்றால் அண்ணன்.

"கால்ல தண்ணி வந்தாச்சு அக்கா. கிட்ட போனா கொம்பு காட்டுது. நேத்து என்னை முட்டிச்சு."

"நேத்து நீங்க அது புண்ணாக்கை மிதிச்சீங்க. போனை அதுகிட்ட நீட்டுங்க. தள்ளி நின்னே நீட்டுங்க."

பிறகு பால் கறக்கும்போது பேசுகிற குரலில் பேச ஆரம்பித்தாள். "நான்தான் கண்ணு. நில்லு கண்ணு. அவரு ஒண்ணும் பண்ண மாட்டாரு." மறுமுனையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

"காது ஆட்டுது அக்கா."

"இப்ப அவுருங்க." என்னிடம் சாதாரணமாகப் பேசுவதுபோலத்தான் சொன்னாள். ஆனால் போசியின் காதைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

"அவுத்தாச்சு."

மேடு ஏறும்வரை அவள் பேச்சை நிறுத்தவில்லை. போன் முன்னால் போக, மாடு பின்னால் வருவதாக வாட்ச்மேன் சொல்லிக்கொண்டே நடந்தார்.

காலையில் பெரிய பாலம் வழியாக அவளை வண்டியில் கூட்டிப் போனேன். நுரை வடிந்திருந்தது. தரைப்பாலத்தின் நடுவில் ஒரு பகுதி இல்லை. அவள் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, "வண்டிய எடுங்ணா" என்றாள்.

மாடு மோட்டார் ரூம் வாசலில் மடி கனத்து நின்றது. கறந்த முதல் டம்ளர் பாலை வாட்ச்மேனிடம் நீட்டினாள். அவர் மாட்டைப் பார்த்துக்கொண்டே, கையை மட்டும் நீட்டி, தள்ளி நின்றே வாங்கிக்கொண்டார்.