தோற்றவனுக்குக் கூடுதல் சம்பளம்

ஏலக்காய் ஏலத்தில் அன்று விலை கட்டுபடியாகவில்லை. காயை விற்காமல் மூட்டைகளைத் திரும்ப ஜீப்பில் ஏற்றிவிட்டு, மச்சானோடு போடி ஊரிலேயே ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். டிவியில் குத்துச்சண்டை முடிந்திருந்தது. தோற்றவனுக்குத்தான் சம்பளம் கூடுதல் என்றார் மச்சான். யாரோடு யார் மோதணும், யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் டிவிக்காரர்கள் முடிவாம். யாரைப் பார்க்கக் கூட்டம் உட்காருமோ அவனுக்கே காசாம். எனக்கு ஒரு எழவும் விளங்கவில்லை.

"விலை பிடிக்கலேன்னா காசு கம்மியா வாங்குறவனும் என்னை மாதிரி திரும்பிப் போகலாம்ல?"

"போகலாம் மாப்ளே. அப்புறம் சண்டையே தரமாட்டாங்க."

"அப்ப ஜெயிச்சவன் எதுக்குத்தான் ஜெயிச்சான்?" எரிச்சலாகக் கேட்டேன்.

மச்சான் டீ கிளாஸால் டிவியைக் காட்டினார். டிவியில் ஜெயித்தவன் கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். கேமரா அவனை விட்டுவிட்டுத் தோற்றவன் பின்னாலேயே போனது.