எட்டுக் குவியலும் ஒரு குவியலும்

பயப்படுவதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. பஸ் கொஞ்சம் சாய்ந்து திரும்பினாலே கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிற ஆள் நான். ஆனால் நெல்லுக்குள் கையை விட்டுப் பார்த்துப் பயந்தது அந்த ஐப்பசியில்தான்.

திருவையாற்றுக்கு வடக்கே எங்களுக்கு ஓர் ஏக்கர் நிலம். முந்தின வருஷக் குறுவை தண்ணீரில் மூழ்கி அழுகிப்போனது. அடுத்த குறுவைக்கு நாற்று விடும்போதே என் கணவர் சொல்லிவிட்டார்: "இதுவும் போச்சுன்னா நான் குவைத்துக்குப் போயிடுவேன். டிரைவர் வேலை இருக்குதாம்." அவர் சும்மா மிரட்டுகிறவர் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் பாஸ்போர்ட்டும் எடுத்து வந்துவிட்டார். அன்றிலிருந்து வானத்தில் ஒரு மேகத்தைப் பார்த்தாலும் வயலுக்கு ஓடிப் பார்த்துவிட்டு வருவேன்.

அறுவடை மெஷின் ஈரத்தோடு அறுத்துக் கொட்டிய நெல்லை வீட்டு வாசலில் எட்டுச் சிறு குவியல்களாக வைத்திருந்தோம். கொள்முதல் நிலையத்தில் ஈரம் அதிகம், காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்றார்கள். காயவைக்க வெயில் வேண்டாமா? வானம் கறுத்துக்கொண்டு வந்தது. குவியலுக்கு ஒன்றாக எட்டுத் தார்ப்பாய் வேண்டும். எங்களிடம் இருந்தது நான்கு.

"எல்லாத்தையும் ஒண்ணாக் குவிச்சிட்டா நாலு போதுமா பாரு" என்றார் என் கணவர்.

நான் வீட்டிலேயே பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். அந்த வாரம்தான் அளவியல் நடத்தியிருந்தேன். வடிவம் மாறாமல் ஒரு பொருளை நீளம், அகலம், உயரம் எல்லாவற்றிலும் இரண்டு மடங்காக்கினால், அதன் மேல்பரப்பு நான்கு மடங்காகும். கன அளவோ எட்டு மடங்காகும். அப்படியானால் எட்டுக் குவியல் நெல்லும் இரண்டு மடங்கு உயரமான ஒரே குவியலில் அடங்கிவிடும். மூடுவதற்கு நான்கு தார்ப்பாய் போதும்.

"தாராளமாப் போதுங்க" என்றேன். மழை பிடிப்பதற்குள் குவித்து, மூடி, ஓரங்களில் செங்கல் வைத்தோம். ஒரு மணி நெல்கூட நனையவில்லை. "டீச்சர்னா டீச்சர்தான்" என்று அவர் சிரித்தார். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று.

மறுநாளும் மழை விடவில்லை. செங்கல் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கக் குடையோடு போனேன். தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கியதும் புளித்த மாவின் வாடை அடித்தது. கையை உள்ளே விட்டேன். மணிக்கட்டு வரை குளிர்ச்சி. முழங்கை வரை போனதும் வெதுவெதுப்பு. தோள் வரை விட்டபோது விரல் நுனி சுட்டது.

ஈர நெல் சும்மா கிடக்காது, உள்ளே சூடு கிளப்பும். அந்தச் சூடு மேல்பரப்பு வழியாகத்தான் வெளியே போயாக வேண்டும். நெல்லும் அதே நெல், சூடும் அதே சூடு. அது வெளியேறும் பரப்பை மட்டும் நாங்கள் பாதியாக்கிவிட்டோம். அதையும் இறுக்கி மூடிவிட்டோம். வெந்த உருளைக்கிழங்கில் சின்னது ஆறிவிடுகிறது, பெரியதைப் பிய்த்தால் நடுவில் இன்னும் சுடுகிறது. தார்ப்பாயை மிச்சம் பிடித்துக் கொடுத்த அதே கணக்கு, உள்ளே நெல்லை அவித்துக்கொண்டிருந்தது. நெல்லைவிட அவர் பெட்டி கட்டுவதுதான் கண்முன் வந்து நின்றது.

நான் போட்ட சத்தத்தில் ஓடிவந்து அவரும் கையை விட்டுப் பார்த்தார். வெடுக்கென்று வெளியே இழுத்துக்கொண்டார். "பிரிச்சா நனைஞ்சுடும். பிரிக்கலன்னா முளைச்சுடும். இப்ப என்னதான் பண்றது?"

"வீட்டுக்குள்ள கொட்டுங்க."

"வீட்டுக்குள்ளயா?"

"எவ்வளவு மெல்லிசாப் பரப்புறோமோ அவ்வளவு சீக்கிரம் ஆறும். கூடம், ரூம், எல்லா எடத்துலயும் கொட்டுங்க."

பக்கத்து வீட்டு அண்ணனும் அண்ணியும் கூடைகளோடு ஓடிவந்தார்கள். தார்ப்பாயை நான் குடை மாதிரி தூக்கிப் பிடிக்க, மற்றவர்கள் அள்ளினார்கள். நடுவைத் தொட்டதும் ஆவி எழுந்தது. சில நெல்மணிகளில் வெள்ளையாக முளை எட்டிப் பார்த்தது. அவர் ஒரு பிடியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். "பாக்காதீங்க, தூக்குங்க" என்று கத்தினேன். அவரை அப்படி அதட்டியது அதுதான் முதல் தடவை.

இருட்டுவதற்குள் கூடம், படுக்கையறை, கட்டிலுக்கு அடியில், சாமி படத்துக்கு முன்னால் எல்லாம் நெல். எல்லா ஃபேனையும் போட்டோம். கரண்ட் போய்விடுமோ என்று அது வேறு பயம். நான் ஒவ்வோர் அறையாகப் போய்க் காலால் கிளறுவதும் குனிந்து தொட்டுப் பார்ப்பதுமாக இருந்தேன். தொடத் தொட நெல் குளிர்ந்துகொண்டே வந்தது.

அவரும் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார். "நடுவுல இருந்தது கொஞ்சம் போச்சு. மத்தது தேறிடும்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமலேயே, "இந்த வருஷம் போகல" என்றார்.

சரிங்க என்றேன். சாமி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டேன். ஆனால் இந்த வருஷம் என்றுதான் சொன்னார்.