வலப்பக்கச் சுவரோரம் சப்பாத்துகள்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தொலைபேசி அடித்தபோது நான் மறுநாளைக்கான சீருடைக்கு ஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அப்பா எடுத்தார். "ஓம், சிவம் அண்ணை" என்றவர் மறுமுனையில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"பத்மா அக்கா மோசம் போயிட்டாவாம்."

குசினியிலிருந்து ஓடிவந்த அம்மா எப்படி என்று கேட்கவில்லை.

"எங்கை? றோட்டிலையோ?"

"இல்லையப்பா. வீட்டிலை. கதிரையிலை இருந்தபடியே. றேடியோவிலை கிரிக்கெட் கேட்டுக்கொண்டு இருந்தவவாம்."

அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நீண்ட மூச்சு விட்டார். நானும் விட்டேன். ஒருவர் இறந்த செய்தியைக் கேட்டு ஆறுதல் அடைவது சரியல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் அன்று மாலைக்குள் எங்கள் வீட்டுத் தொலைபேசி இன்னும் ஏழு தடவை அடித்தது. ஏழு பேரும் முதலில் கேட்டது அதே கேள்வியைத்தான்.

இதைப் பத்மா அன்ரியே முன்பு சொல்லியிருந்தார். "நான் செத்தால் எங்கட சனம் எப்பிடி எண்டு கேளாது, பிள்ளை. எங்கை எண்டுதான் கேக்கும். றோட்டிலை எண்டு மட்டும் பதில் வந்துதோ, நான் இவ்வளவு காலமும் சொன்னதெல்லாம் பொய்யாப் போயிடும்."

அவர் சொன்னவை பொய்யாகவில்லை. ஆகவே இதைக் கவலையோடும், அதைவிடக் கூடுதலான ஆறுதலோடும் எழுதுகிறேன்.

நம் தமிழ்ச் சங்கத்தின் இம்மலரைப் படிப்போரில் சிலருக்கு அவரைத் தெரிந்திருக்காது. மெல்பேர்னில் ஓக்லிப் பகுதியில், எங்கள் தெருவிலேயே ஆறு வீடு தள்ளி, தம் தமையனார் சிவம் அங்கிளுடன் வாழ்ந்தவர் பத்மா அன்ரி. இந்நாட்டுக்கு வந்தபோது அவருக்குப் பார்வை இருந்தது. இரண்டாம் வருடம் அது மங்கத் தொடங்கி, மூன்றாம் வருடம் முற்றாகப் போயிற்று. அவர் வெள்ளைப் பிரம்புடன் நடக்கக் கற்றார். நகரத்தில் ஒரு பெரிய அலுவலகத்தில் தொலைபேசி இணைப்பாளராக வேலை தேடிக்கொண்டார். வருகிற அழைப்புகளை உரியவர்களுக்குக் கொடுப்பது அவர் வேலை. அந்தக் கட்டடத்தில் யாருக்குச் சளித் தடிமன், யார் மனைவியோடு கோபம் என்பதெல்லாம் குரலிலேயே தெரிந்துவிடும் என்பார். காலையில் வீட்டிலிருந்து நடந்து, பெரிய வீதியைக் கடந்து, சிவப்பு ரயிலில் ஏறி வேலைக்குப் போவார். மாலையில் நிலையங்களை எண்ணிக்கொண்டே திரும்புவார்.

சனிக்கிழமைகளில் அவருக்கு வந்த கடிதங்களை வாசித்துக் காட்டுவது என் வேலை. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஒரு நாள், அவரைப் புரிந்துகொள்ள வேண்டுமென்று நான் கண்ணைச் சால்வையால் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்குள் ஒரு மணித்தியாலம் நடந்து பார்த்தேன். அதை அவரிடம் பெருமையாகச் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"மேசையிலை இடிபட்டனியோ?"

"ஓம் அன்ரி. நாலு தரம்."

"பயந்தனியோ?"

"ஓம்."

"அப்ப நீ பாத்தது உன்ர பயத்தை. என்னை இல்லை" என்று சிரித்தார். "எனக்கு மேசை எங்கை நிக்குதெண்டு தெரியும். நீ கண்ணைத் திறந்து வைச்சுக்கொண்டு பார், பிள்ளை. என்ர வழியிலை என்ன கிடக்கெண்டு பார்."

அடுத்த குளிர்காலத்தில் அவர் வழியில் கிடந்தது என்னுடைய சப்பாத்து.

இங்கே நமக்கென்று கோயில் இல்லை. ஆகவே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் கூட்டுப் பிரார்த்தனை நடக்கும். ஊரில் செருப்புகள் வாசலுக்கு வெளியே கிடக்கும். இங்கே மழையும் குளிரும் அவற்றை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டன. எங்கள் வீட்டின் உள் நடைபாதையோ ஒடுக்கமானது. அன்று நான் பாடசாலை நூலகத்திலிருந்து பிந்தி வந்தேன். உள்ளே தேவாரம் தொடங்கியிருந்தது. அவசரத்தில் லேஸைக்கூட அவிழ்க்காமல் சப்பாத்துகளை உதறிவிட்டு ஓடிப்போய் அமர்ந்தேன். சற்று நேரத்தில், நடைபாதையில் யாரோ விழும் சத்தம் கேட்டது. ரயிலிலிருந்து இறங்கி நேரே வந்த அன்ரி சப்பாத்துக் குவியலின் நடுவே கிடந்தார். இடது மணிக்கட்டு எலும்பில் வெடிப்பு.

மறுநாள் எங்கள் முன்னறையில் ஒரு நீதிமன்றமே கூடியது. அன்ரி கையில் கட்டுடன் கதிரையில் அமர்ந்திருந்தார். சிவம் அங்கிள் உட்காரவில்லை, அங்குமிங்கும் நடந்தார். அவர் தங்கையை எவ்வளவு நேசித்தார் என்பதை அறிந்தவர்களுக்கு அவருடைய கோபமும் விளங்கும்.

"இண்டையோட சரி. இனித் தனிய வெளிக்கிடக் கூடாது. காலமை நான் கொண்டுபோய் விடுறன், பின்னேரம் கூட்டிக்கொண்டு வாறன். வீட்டுக்குள்ளையே விழுந்தனி, றோட்டிலை என்ன செய்வாய்?"

"அண்ணை, நான் றோட்டிலை ஒருக்காலும் விழேல்லை. அங்கை ஒருத்தரும் சப்பாத்தைக் கழட்டிப் போடுறேல்லை."

யாரோ சிரித்தார்கள். அங்கிள் சிரிக்கவில்லை. "பகிடி விடாதை, பத்மா."

"பகிடி இல்லை. என்னை விழுத்தினது என்ர கண் இல்லை, உங்கட சப்பாத்து. கண்ணைத் திருத்த ஏலாது. சப்பாத்தை ஒதுக்கி வைக்க ஏலும்தானே?"

ஆனால் அங்கிள் சொன்னதே நடந்தது. கை குணமான பிறகும் காரில்தான் போனார், காரில்தான் வந்தார். வேலை முடிந்து தமையனுக்காக அலுவலக வாசலில் ஒரு மணித்தியாலம் காத்திருப்பார். யாருக்குத் தடிமன் என்ற கதைகள் நின்றுபோயின. வேலையை விட்டுவிடும் யோசனை இருப்பதாக அம்மாவிடம் ஒரு தடவை சொன்னார். அதை நானும் கேட்டேன்.

அடுத்த சனிக்கிழமை கடிதம் வாசிக்கப் போனபோது சொல்லிவிட்டேன். "அன்ரி, உங்களை விழுத்தின சப்பாத்து என்ர."

"தெரியும். லேஸ் முடிச்சோட கையிலை பிடிபட்டது. அப்பிடி அவசரப்படுற ஆள் உங்கட வீட்டிலை ஒண்டுதான் இருக்கு."

"பிறகேன் சொல்லேல்லை?"

"உன்ர பேரைச் சொல்லியிருந்தால் எல்லாரும் உன்னை ஏசிப்போட்டு நிம்மதியா வீட்டை போயிருப்பினம். அடுத்த மாதமும் சப்பாத்து அங்கைதான் கிடந்திருக்கும்." பிறகு, "அழுறியோ? அழுது முடிச்சிட்டு அந்தத் தட்டெழுத்து மெசினை இஞ்சாலை தள்ளு" என்றார்.

அன்று அவர் நகரசபைக்கு ஒரு கடிதம் எழுதினார். ரயில் நிலையத்துக்குப் போகும் பெரிய வீதியில் சமிக்ஞை விளக்கு இருந்தது. ஆனால் அது மாறியது பார்ப்பவர்களுக்கு மட்டுமே தெரியும். மாறும்போது ஒரு சத்தம் எழுப்பினால் தமக்கும் தெரியும் என்பது அவருடைய கோரிக்கை. மிக வேகமாகத் தட்டெழுதுவார். மூன்று பக்கங்களை எழுதி முடித்து, பிழை பார்க்கும்படி என்னிடம் நீட்டினார்.

மூன்று பக்கங்களும் வெள்ளையாக இருந்தன. ரிபன் விலகிப்போயிருந்தது.

அவர் முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு நாட்களுக்குப் பிறகு அன்றுதான் சந்தோஷமாக இருந்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லி வாங்கிக்கொண்டு, வீட்டில் நானே ஒன்று எழுதி அனுப்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"அன்ரி… ஒண்டுமில்லை. வெறும் தாள்."

என் கையிலிருந்த தாளை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கண்ணீர் வரும்வரை சிரித்தார். "நல்ல வேளை. உப்பிடியே அனுப்பியிருந்தால், குருடி எழுதினால் இப்பிடித்தான் எண்டு சுவரிலை கொழுவியிருப்பினம்!" சிரிப்பு அடங்கியபின் கேட்டார்: "சொல்லுறதோ விடுறதோ எண்டு யோசிச்சனி, என்ன?"

"ஓம்."

"இனி யோசிக்காதை. பாவம் பாத்து ஒளிக்கிறதும் வழியிலை சப்பாத்துப் போடுறதும் ஒண்டுதான்."

ரிபனைச் சரிசெய்தோம். மூன்று பக்கங்களும் முதலிலிருந்து மீண்டும் எழுதப்பட்டன.

இரண்டு மாதம் கழித்து நகரசபையிலிருந்து ஒருவர் அளவுநாடாவுடன் வந்தார். வீதியோரத்தில் அன்ரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இவருக்கு வீதியைக் கடக்க எவ்வளவு நேரம் வேண்டும் என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார். நான் அன்ரியைக் காட்டினேன். வந்தவர் மறுபடியும் என்னையே பார்த்தார். அன்ரி தம் அலுவலகக் குரலில், மிகப் பணிவாக, "உங்களுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு போதும், விளக்கு மாறியதை மட்டும் எனக்கும் சொல்லுங்கள்" என்றார். அந்த மனிதர் சிவந்துபோனார். அதன்பிறகு அன்ரியிடமே கேட்டுக் குறித்துக்கொண்டார். வசந்தகாலத்தில் அந்தக் கம்பத்தில் ஒரு சிறு பெட்டி பொருத்தப்பட்டது. நடக்கலாம் என்றால் அது டக் டக்கென்று வேகமாகத் தட்டும்.

மறுநாளே அன்ரி பிரம்பை எடுத்துக்கொண்டு தனியே புறப்பட்டார். அடுத்து நடந்ததை நான் பாடசாலைக்குப் போகும் வழியில் கண்ணால் கண்டேன். அவருக்கு இருபது அடி பின்னால் சிவம் அங்கிளின் கார் ஆமை வேகத்தில் ஊர்ந்து வந்தது. அன்ரி நின்றார். திரும்பினார்.

"அண்ணை, முதல்லை உந்தச் சைலன்சரைத் திருத்துங்கோ. தெரு முழுக்கக் கேக்குது."

அங்கிள் கண்ணாடியை இறக்கினார். "நான்… நான் பெற்றோல் அடிக்கப் போறன்."

"பெற்றோல் செட் மற்றப் பக்கம்."

அங்கிள் காரை நிறுத்திவிட்டு இறங்கி, இரண்டு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். பெட்டி தட்டத் தொடங்கியது. அன்ரி நடந்தார். அக்கரை சேர்ந்ததும், திரும்பிப் பார்க்காமலே பிரம்பை ஒரு தடவை மேலே தூக்கிக் காட்டினார். அதன்பின் இரண்டு வருடங்களாக நாள் தவறாமல் அப்படியே போய் வந்தார்.

எங்கள் வீட்டுக்கும் ஒரு சட்டம் போட்டார். "சப்பாத்தெல்லாம் வலப்பக்கச் சுவரோட, சோடி சோடியா. நடுவழி என்ர." ஊரில் கச்சேரி என்று சொல்லும் அரசாங்க அலுவலகத்தை நினைத்து, இதற்குப் 'பத்மா அக்கான்ர கச்சேரிச் சட்டம்' என்று பெரியவர்கள் பட்டம் வைத்தார்கள். ஒவ்வொரு மாதமும் யாராவது மறப்பார்கள். அன்ரி பிரம்பின் நுனியில் அந்தச் சப்பாத்தைக் கொழுவித் தூக்கிக்கொண்டு வந்து, பிரார்த்தனை நடக்கும் அறை வாசலில் நின்று, "சொந்தக்காரர் எழும்பி வரலாம்" என்பார். ஒரு தடவை அப்படி எழும்பியவர் எங்கள் குடும்ப வைத்தியர். இன்னொரு தடவை என் அப்பா. ஒரு மாதப் பிரார்த்தனைக்கு அன்ரி காய்ச்சலால் வரவில்லை. அன்று நடைபாதை முழுவதும் பழைய குவியல்தான். அவரிடம் மறைக்காமல் சொன்னேன். "அப்ப அவையள் எனக்காகத்தான் செய்யினம். பழக்கமா இன்னும் வரேல்லை. வரும்" என்றார்.

கடைசியாக நான் அவரைக் கண்டது அந்த ஞாயிறுக்கு முந்திய நாள். கடிதங்களை வாசித்து முடித்தேன். வாசல்வரை வந்து, கடையில் ரிபன் கிடைத்தால் வாங்கிவரச் சொன்னார். வாங்கியது இன்னும் என் மேசையில் இருக்கிறது.

எட்டாம் நாள் கிரியைக்குச் சிவம் அங்கிள் வீட்டுக்குப் போனோம். நல்ல மழை. அங்கிள் வாசலில் நின்று, வந்தவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். "கதிரையிலை. றோட்டிலை இல்லை." என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு வருஷம், பிள்ளை. பின்னேரத்திலை போன் அடிச்சால் எனக்கு நெஞ்சு திக்கெண்ணும். நான் பயந்த இடமெல்லாம் அவ வடிவா நடந்து திரிஞ்சிருக்கிறா."

அழுதார். ஆனால் அவர் தோள்கள் இறங்கியிருந்தன. அவற்றை அப்படி நான் முன்பு கண்டதில்லை.

உள்ளே நுழைந்து நடைபாதையைப் பார்த்தேன். எத்தனையோ பேர் எங்களுக்கு முன்பே வந்திருந்தார்கள். ஈரச் சப்பாத்துகள், செருப்புகள், குழந்தைகளின் சின்னஞ்சிறு பூட்ஸ்கள். எல்லாம் வலப்பக்கச் சுவரோரமாக, சோடி சோடியாக, வாசலிலிருந்து அன்ரியின் அறைவரை நீண்டிருந்தன. நடுவில் அகலமாக வழி கிடந்தது. யார் இப்படி வைக்கச் சொன்னது என்று அம்மா மெதுவாகக் கேட்டார். ஒருவரும் சொல்லவில்லையாம். வந்தவர்கள் தாங்களாகவே வைத்தார்களாம்.

ஒரு கணம் கண்ணை மூடிக்கொண்டு அந்த வழியில் நடந்து பார்க்கலாமா என்று தோன்றியது. மூடவில்லை. குனிந்து, லேஸை ஒழுங்காக அவிழ்த்து, என் சப்பாத்துகளை வரிசையின் கடைசியில் வைத்தேன். பிறகு கண்களைத் திறந்து வைத்துக்கொண்டே அவருடைய அறைவரை நடந்தேன்.

போயிட்டு வாங்கோ, அன்ரி. வழியிலை ஒண்டும் இல்லை.