மரகதத்துக்கு மைக் வேண்டாம்

"மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ" என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது எதிரே உட்கார்ந்திருந்த பெண் என் உதட்டைப் பார்த்துச் சிரித்தாள். ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். ஒரு நோட்டை எடுத்து எழுதிக் காட்டினாள்: "எனக்குச் சத்தம் வேண்டாம். விரல் தெரியணும்."

புதுக்கோட்டையில் இருபத்திரண்டு வருடமாக கம்ப்யூட்டர், நெட்வொர்க் சர்வீஸ் பார்க்கிறேன். அன்று விராலிமலைக்கு என்னை வரச் சொன்னவர் அவளுடைய அண்ணன் கருப்பையா. ஹைவேயில் லாரி டயருக்குப் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருந்தார். போனில், "தங்கச்சிக்கு ஆன்லைன்ல இன்டர்வியூங்க. போன தடவ படம் நின்னு நின்னு வந்து கெட்டுப்போச்சு. மறுபடி வியாழக்கெழம பதினோரு மணிக்கு வச்சிருக்காக. இதுவும் போச்சுன்னா அவ்வளவுதான்" என்று சொன்னார். தங்கைக்குக் காது கேட்காது, பேச்சு வராது என்பதை மட்டும் சொல்லவில்லை. மறைத்ததாகத் தோன்றவில்லை. அந்த வீட்டில் அது பழகிப்போன விஷயம்.

மரகதத்துக்கு முப்பத்து நான்கு வயது. வெளியூரில் காது கேளாதோர் பள்ளியில் ஹாஸ்டலில் தங்கிப் பன்னிரண்டாவது வரை படித்தவள். வீடு திரும்பிப் பதினாறு வருடம். அந்த வீட்டிலும் தெருவிலும் சைகை மொழி தெரிந்தவர்கள் ஒருவரும் இல்லை. காது கேளாத குழந்தைகளின் பெற்றோருக்கு ஆன்லைனில் சைகை மொழி கற்றுக்கொடுக்கும் வேலைக்குத்தான் இன்டர்வியூ. இதையெல்லாம் நோட்டில் எழுதித்தான் எனக்குச் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை

ஹெட்செட்டைப் பைக்குள் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன்.

ரூட்டர் முன்கூடத்தில் டிவிக்குப் பின்னால் இருந்தது. அவள் அறை கொல்லைப்பக்கம். நடுவில் மூன்று சுவர். வைஃபையில் ஸ்பீடு டெஸ்ட் போட்டால் டவுன்லோடு நாற்பது, அப்லோடு ஒன்றரை. சினிமா பார்க்க இது போதும், கை அசைவை அனுப்பப் போதாது. ரூட்டரிலிருந்து சுவரோரமாக லேன் கேபிள் இழுத்து, முனையில் கனெக்டரை இடுக்கியால் அழுத்திப் பொருத்தி லேப்டாப்பில் செருகினேன். அப்லோடு ஏறியது.

அப்படியும் விரல்கள் புகைமாதிரிதான் தெரிந்தன. எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. வெளிச்சம் குறைந்த அறையில் வெப்கேம் ஒவ்வொரு ஃபிரேமையும் நீட்டி எடுக்கும். அசையாத முகம் தெளிவாக இருக்கும், அசைகிற கை கலைந்துவிடும். அவள் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்ததும் தப்பு. மேசையைத் திருப்பிப் போட்டு ஜன்னல் வெளிச்சம் முன்னால் விழும்படி செய்தேன். கேமராவை உயர்த்தித் தள்ளி வைத்தேன், இடுப்பிலிருந்து தலைக்கு மேல் வரை தெரியவேண்டும். பின்னால் இருந்த காலண்டர்களைக் கழற்றி ஒரு பச்சைப் போர்வையைக் கட்டினேன். அவள் தானாகவே எழுந்துபோய்ப் பூப்போட்ட சேலையை மாற்றி, ஒரே நிறத்தில் கருநீலச் சேலை கட்டிக்கொண்டு வந்தாள். அதன் முன்னால் கை எடுப்பாகத் தெரிந்தது.

படம் நன்றாக இருக்கிறதா என்று நான் எப்படிச் சொல்வது? அந்த மொழி எனக்குத் தெரியாதே. "இது தெரிந்தவர் யாராவது பார்த்துச் சொல்லவேண்டும்" என்று எழுதினேன். அவள் "லதா" என்று எழுதினாள். ஹாஸ்டல் தோழி. ஜெகதாப்பட்டினத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். போனில் வீடியோ போட்டுப் பேசினால் பாதியில் படம் உறைந்துவிடும் என்பதால் இருவரும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டார்களாம்.

லதா திரையில் வந்தாள். இரண்டு நிமிடம் டெஸ்ட் என்று நினைத்தேன். முக்கால் மணி நேரம் ஆனது.

மரகதத்தின் கைகள் அவ்வளவு வேகமாக அசையும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. புருவம் ஏறி இறங்கியது. யாரையோ கேலி செய்தாள். லதா அழுதாள், பிறகு இருவரும் குலுங்கிச் சிரித்தார்கள். கருப்பையாவும் அவர் மனைவியும் வாசற்படியில் வந்து நின்றார்கள்.

"என்ன சொல்றாக?" என்று அவர் மனைவி என்னிடம் கேட்டார்.

"எனக்கும் தெரியலங்க."

கருப்பையா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இம்புட்டுப் பேசுமாங்க இது?" என்று கேட்டார். நானும் எழுந்து அவர்கள் பக்கம் போனேன். மூன்று பேரும் அந்த அறைக்கு வெளியே, பாஷை தெரியாத ஊரில் இறங்கியவர்கள் மாதிரி நின்றுகொண்டிருந்தோம்.

வியாழக்கிழமை

பத்தரைக்கே போய்விட்டேன். கருப்பையா கடையைத் திறக்காமல் வீட்டில் இருந்தார். வீட்டில் இருந்த எல்லாப் போனிலும் வைஃபையை நிறுத்தி, டிவி பிளக்கையும் பிடுங்கி வைத்திருந்தார்.

பதினொன்றுக்குத் தொடங்கியது. திரையில் மூன்று பேர். ஒரு சத்தம் இல்லை. பதினொன்றேகாலுக்குக் கரண்ட் போனது. ரூட்டரை இன்வெர்ட்டரில் மாட்டியிருந்ததால் நான் பயப்படவில்லை. ஆனால் ரூட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. தெருமுனையில் இருக்கும் ஃபைபர் பெட்டியில் பேட்டரி இல்லை. வீட்டுக்குள் எத்தனை இன்வெர்ட்டர் இருந்து என்ன?

மரகதம் உறைந்துபோன திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை.

என் போனில் ஹாட்ஸ்பாட் போட்டேன். அறைக்குள் ஒரு கோடுதான் சிக்னல். ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டினால் மூன்று கோடு. லேப்டாப்பை அதில் இணைத்துவிட்டு, கேமராவில் படாமல் சுவரோடு ஒட்டி நின்று, போனை வெளியே நீட்டியபடியே இருந்தேன். படம் வந்துவிட்டது. அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். தோள் மரத்துப்போனது. கருப்பையா, "நான் புடிக்கிறேன், குடுங்க" என்று மெல்லச் சொன்னார். கை மாற்றும்போது சிக்னல் போய்விடுமோ என்று பயந்து தலையை ஆட்டி மறுத்துவிட்டேன். அரை மணி நேரம் அப்படியே ஓடியது.

வேலை கிடைத்தது. அண்ணன் போனில் சொன்னார். அவளே எனக்கு மெசேஜில் தன் பாட ஷெடியூலை அனுப்பினாள்.

பிறகு

மூன்று மாதம் கழித்து யுபிஎஸ் ஒன்று மாட்டப் போனேன். சாயங்காலம், வகுப்பு நடந்துகொண்டிருந்தது. திரையில் பன்னிரண்டு கட்டம், ஒவ்வொன்றிலும் ஒரு தாயோ தகப்பனோ. பசிக்குதா, வலிக்குதா, பயமா இருக்கா என்று தங்கள் பிள்ளைகளிடம் கேட்க அவள் கையைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருந்தார்கள். முன்கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க சேரலையா?" என்று கருப்பையாவிடம் கேட்டேன்.

"சேரணுங்க. கடைய அடச்சிட்டு வரவே நேரமாயிருது" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

வகுப்பு முடிந்ததும் மரகதம் எனக்குச் சைகையில் ஒரு பெயர் வைத்தாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடும் பழக்கம் எனக்கு உண்டு. அதைத்தான் இரண்டு விரலால் செய்து காட்டினாள். சைகை மொழியில் ஆளுக்கு ஆள் இப்படித்தான் பெயராம்.

கருப்பையா பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் ஒண்ணு வைக்கச் சொல்லுங்க" என்றார்.

எழுதிக் காட்டினேன். அவள் படித்துவிட்டு அண்ணனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஆள்காட்டி விரலால் தன் இடது புருவத்தைக் குறுக்கே கீறிக் காட்டினாள். அவர் புருவத்தில் அந்த இடத்தில் ஒரு பழைய தழும்பு இருந்தது. நோட்டில், "அப்போதே வச்சது. ஹாஸ்டலில் எல்லாருக்கும் தெரியும்" என்று எழுதினாள்.

அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். கடை வாசலில் லாரி நிற்பதாகப் போன் வந்தது. எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவள் லேப்டாப்பை மூடினாள்.

நானும் தனியாகத்தான் இருக்கிறேன். எனக்கு வரும் போனெல்லாம் நெட் வரவில்லை என்று சொல்லத்தான். அன்று திரும்பும்போது பஸ்ஸில் என் புதுப் பெயரை ஒருமுறை செய்து பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கவும் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஸ்பீடு டெஸ்ட், கேபிள், கேமரா எல்லாம் யாராவது சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். நான் கற்றுக்கொண்டது ஒரு கேள்வி. இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் பையைத் திறக்கும் முன், "யாரோட பேசப் போறீங்க?" என்று கேட்கிறேன். சிலர் உடனே சொல்லிவிடுவார்கள். சிலர் யோசிப்பார்கள். அவர்களை நான் அவசரப்படுத்துவதில்லை.