நான்கு மணிக்குள் ஒரு சம்மதம்

நாமக்கல்லில் அரசின் வேலைவாய்ப்பு வழிகாட்டி மையத்தில் என் மேசைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் டேங்கர் ஓட்டுநர்கள். கேஸ், டீசல், பெட்ரோல் ஏற்றுகிறவர்கள். எண்ணெய் நிறுவனத்தோடு ஒரு முதலாளி போட்டிருந்த ஒப்பந்தம் முடிந்து, மறுபடி கிடைக்காமல் போனால் அவருடைய வண்டிகள் யார்டில் நின்றுவிடும். அடுத்த வாரமே ஓட்டுநர்கள் என்னிடம் வருவார்கள். நலவாரிய அட்டையை எப்படிப் புதுப்பிப்பது, அபாயப் பொருள் ஏற்றுவதற்கான பயிற்சிச் சான்றிதழ் காலாவதியானால் எங்கே போவது, அரசு வழியாக வெளிநாட்டில் வேலை உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். பதில் சொல்வது என் வேலை. யாருக்கு என்ன சொன்னேன் என்று நேரம் போட்டு டைரியில் எழுதுவது என் பழக்கம்.

அதனால் அந்தப் புதன்கிழமை பதினொன்றரைக்குச் சென்னையிலிருந்து வெளிநாட்டு வேலைக்கான பட்டியல் வந்தபோது, என் தவறு எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. முந்தைய நாள் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இருந்தது: ‘10.40. திருச்செங்கோடு சாலை டிரைவர் வந்தார். சாயங்காலம் ஆக்டிங் போகலாமா என்றார். அழைப்பு அடுத்த வாரம்தான் வரும், போங்கள் என்றேன்.’

வழக்கமான ஓட்டுநருக்கு உடம்பு முடியாதபோது இன்னொருவர் ஒரு நடைக்கு மட்டும் வண்டி எடுப்பதை ஆக்டிங் என்பார்கள். அடுத்த வாரம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. போன முறை அப்படித்தான் நடந்தது என்பதை வைத்து நானாகச் சொன்னேன்.

வளைகுடா நாடு ஒன்றில் எண்ணெய் டேங்கர் ஓட்டும் வேலை. எங்கள் மாவட்டத்துக்கு ஆறு இடம். ஆறாவது பெயர் அந்தத் திருச்செங்கோடு சாலை டிரைவருடையது. ஓட்டுநர் தேர்வு வெள்ளிக்கிழமை. ஒவ்வொருவரிடமும் போனில் நேரடியாகப் பேசி, சம்மதத்தை அன்று நான்கு மணிக்குள் கணினியில் ஏற்ற வேண்டும். கிடைக்காதவரின் இடம் காத்திருப்புப் பட்டியலின் முதல் ஆளுக்குப் போகும். வயது வரம்பு நாற்பத்தைந்து. அடுத்த மாதம் அவர் அதைத் தாண்டுகிறார். இந்த வேலை போனால் இந்த வழியே அவருக்கு இல்லை.

பன்னிரண்டேகாலுக்குள் ஐந்து பேரிடம் பேசி முடித்துவிட்டேன். ஆறாவது எண் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பன்னிரண்டரை, ஒன்று, ஒன்றரை என மூன்று முறை அழைத்தேன். அதே நிலைதான்.

விண்ணப்பத்தில் வேறு எண் இல்லை. அந்தப் படிவத்தை வடிவமைத்தவள் நான். போன் எண்ணுக்கு ஒரே ஒரு கட்டம் போதும், அப்போதுதான் குழப்பம் வராது என்று நினைத்திருந்தேன். அவர் மனைவி நூற்பாலையில் பகல் ஷிப்ட் என்று ஒருமுறை சொல்லியிருந்தார். மனைவியின் எண் தெரிந்திருந்தாலும் அங்கே போனை வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள்.

ஒன்று ஐம்பதுக்குக் காத்திருப்புப் பட்டியலின் முதல் ஆள் உள்ளே வந்தார். ராசிபுரத்துக்காரர், முப்பத்தெட்டு வயது. அவரும் கேஸ் டேங்கர் ஓட்டுநர்தான். ஐந்து பேரில் யாரோ போன் செய்து சொல்லியிருக்கிறார்கள். சான்றிதழ்கள் அடங்கிய பிளாஸ்டிக் உறையை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்.

நான் மறுபடி அழைத்தேன்.

“நீங்க பத்துத் தடவ அடிச்சாலும் போனுல வர்ற அந்தப் பொம்பள அதே பாட்டத்தானுங்க மேடம் பாடும்” என்றார்.

அவர் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். அதுவும் நான் எழுதியது. மூன்று முறை அழைத்தும் கிடைக்காதவருக்குப் பதில் அடுத்தவர் அழைக்கப்படுவார்.

“இது எத்தனாவதுங்க?”

“நான்காவது.”

“அப்ப அந்தத் தாளக் கிழிச்சுப் போட்டுருங்க” என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அவர் சொன்னது நியாயம். விதிப்படி ஒன்றரை மணியோடு அந்த இடம் அவருடையது. இவருக்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அந்த ஏழு வருடத்தில் இப்படி ஒரு பட்டியல் மறுபடி வரும் என்று எந்த டைரியிலும் எழுதியிருக்கவில்லை. அவர் வண்டியும் யார்டில்தான் நின்றது.

இரண்டே முக்காலுக்கு நான் டைரியை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். முந்தைய நாள் வரியைக் காட்டினேன்.

“நான் போகச் சொன்னதால்தான் அவர் போனார். இல்லாவிட்டால் வீட்டில் இருந்திருப்பார். மூன்று முறை என்ற கணக்கு அதற்கப்புறம்தான் வருகிறது.”

அவர் படித்தார். விரலை அந்த வரியிலேயே வைத்திருந்தார். நான் கேட்டேன்: “இந்த நேரத்தில் அவர் எங்கே இருப்பார் என்று உங்களுக்குத் தெரியுமா?”

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி 2.53.

“தெரியுமுங்க” என்றார் கடைசியில். “வந்ததுலருந்தே தெரியும்.”

முந்தைய நாள் சாயங்காலம் அந்த டிரைவர் கிளம்பியதை யார்டில் இவர் பார்த்திருக்கிறார். எந்த வண்டி, எந்த ஆலைக்கு என்பதும் தெரியும். சிலிண்டரில் கேஸ் நிரப்பும் அந்த ஆலைக்குள் பீடி, தீப்பெட்டி, போன் எதுவும் போகாது. போனை அணைத்து வாசலில் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். “செல பேரு சீட்டுக்கடியில இன்னொரு போனு வெச்சிருப்பானுங்க. இவரு அந்த வேலையெல்லாம் செய்ய மாட்டாரு. ரூல்ஸ் பேசறவரு. உங்களாட்டம்.”

ஆலைக்கு எதிரே இருந்த டீக்கடையின் எண் அவரிடம் இருந்தது. தன் போனிலிருந்தே பேசினார். “அண்ணே, கேட்டுல போய் இந்த வண்டி நம்பரச் சொல்லி டிரைவரக் கூப்புடச் சொல்லுங்க. ஆமாங்கண்ணே, அவசரம். நாலு மணிக்குள்ள.” வண்டி எண்ணை இரண்டு முறை சொன்னார்.

3.20-க்குக் கடைக்காரர் திருப்பி அழைத்தார். டேங்கரில் குழாய் மாட்டி கேஸ் இறங்கிக்கொண்டிருக்கிறது. குழாயைக் கழற்றும்வரை ஓட்டுநர் வண்டியை விட்டு நகரக்கூடாது. எவ்வளவு நேரம் ஆகும் என்று வாசல் காவலருக்குத் தெரியவில்லை.

“செல சமயம் அரை மணி, செல சமயம் ஒண்ணரை மணிங்க” என்றார் பெஞ்சில் இருந்தவர்.

நான் கணினியில் இரண்டு பக்கங்களையும் திறந்து வைத்தேன். ஒன்றில் ஆறாவது பெயர், இன்னொன்றில் இவர் பெயர். 3.50 ஆனதும் இவருடைய பக்கத்தில் இவருடைய பாஸ்போர்ட் எண்ணை அடித்து முடித்தேன். 3.57-க்கு அதை அனுப்பிவிடுவேன் என்று அவரிடமே சொன்னேன். இரண்டு பேருக்கும் இல்லாமல் அந்த இடம் வீணாகக்கூடாது. அவர் தலையசைத்தார். கையில் இருந்த போனை மேசைமேல் எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார்.

3.54-க்கு அது அடித்தது. அவர் எடுக்கவில்லை. என் பக்கம் தள்ளினார். எடுத்து, வழிகாட்டி மையத்திலிருந்து பேசுகிறேன் என்றேன்.

“மேடமுங்களா? நான்தானுங்க. ஊட்டுல யாருக்காச்சும் ஏதாவதுங்களா?” ஓடி வந்த மூச்சு.

“வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். பட்டியல் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தேர்வு. உங்களுக்குச் சம்மதமா?”

“அடுத்த வாரம்னு சொன்னீங்களேங்க.”

“சொன்னேன். தப்பு என்னுடையது. சம்மதமா, இல்லையா?”

“சம்மதமுங்க. நாளைக்குக் காத்தால வந்துர்றேனுங்க.”

3.56-க்கு அனுப்பினேன். பச்சை எழுத்தில் பதிவானது என்று வந்தது. இன்னொரு பக்கத்தில் நான் அடித்து வைத்திருந்த பாஸ்போர்ட் எண்ணை ஒவ்வொரு எழுத்தாக அழித்தேன். அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு உறையை எடுத்துக்கொண்டு எழுந்தார். நன்றி என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டித் தடுத்தார்.

“அந்த டீக்கடை நம்பர எம் பேருக்கு நேரா எழுதி வெச்சுக்கங்க மேடம். நாளைக்கு எனக்கு ஆக்டிங் இருக்குது. அதே ஆலைதான். ஆறு பேருல எவனாச்சும் மாட்டேன்னு சொன்னா, மூணு தடவையோட உட்றாதீங்க.”

படிவத்தில் இடம் இல்லை. அவர் பெயருக்கு மேலே இருந்த ஓரத்தில் எழுதினேன். அவர் ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்துவிட்டு ராசிபுரம் பஸ்ஸுக்குப் போனார்.