அண்ணைக்கு எழுதாத உரித்து

என் அண்ணை அருளம்பலத்தைப் பற்றிக் கேட்டால் புத்தூரில் எவரும் முதலில் சொல்வது, "தோட்டக்காரன் எண்டால் அவர்தான்" என்பதுதான். அவருக்குச் சொந்தமாக அரைப் பரப்புத் தோட்டம்கூட இல்லை என்பதை என் முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. எனக்கு மரியாதை தருகிறார்களாம். எனக்கு எதற்கு அந்த மரியாதை? நானே சொல்லிவிடுகிறேன்.

தோட்டம் பத்துப் பரப்பு, அரை ஏக்கருக்குச் சற்று மேலே. நல்ல செம்மண், மேற்குப் பாதியில் கிணறு. காணிப் பத்திரத்தில், அதுதான் உறுதியில், அதற்கு நாவலடி என்று பேர், ஆனால் அங்கே நாவல் மரத்தைக் கண்ட ஆள் ஒருவரும் உயிரோடு இல்லை. எங்கள் பூட்டன் புகையிலை விற்ற காசில் வாங்கித் தன் மகளுக்குச் சீதனமாக எழுதினார். அந்த மகள் தன் மகளுக்கு, அதாவது எங்கள் அம்மாவுக்கு எழுதினா. அம்மா எனக்கு எழுதினா. நான் என் மகள் கஜானிக்கு எழுதினேன். எழுதின நாலு உறுதியிலும் வாங்கினது பெண்பிள்ளை. கொத்தினதும் இறைத்ததும் எந்தக் காலத்திலும் வீட்டு ஆண்கள். பெண்ணைக் கரைசேர்க்கக் காணி வேண்டும், ஆண்பிள்ளை எப்படியும் பிழைத்துக்கொள்வான் என்று எங்கள் ஊரில் ஒரு நினைப்பு. நானும் அந்த நினைப்பில் சொகுசாக வாழ்ந்தவள்தான்.

உண்மையில் அம்மா எனக்குப் பாதி, அண்ணைக்குப் பாதி என்றுதான் வைத்திருந்தா. 1984இல் எனக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை வட்டுக்கோட்டை, அரசாங்க உத்தியோகம். அவர்கள் கிணறு இருக்கிற பாதியைக் கேட்டார்கள். தண்ணீர் இல்லாத பாதியை வைத்துக்கொண்டு அண்ணை என்ன செய்வார் என்று அம்மா இரண்டு நாள் சோறு தின்னாமல் கிடந்தா. அண்ணைதான் வந்து சொன்னார்: "முழுக்க அவளுக்கே எழுதுங்கோ அம்மா. நான் அதிலை தோட்டம் செய்து சாப்பிடுவன்தானே. தங்கச்சி என்னைக் கலைக்கவே போறாள்?"

நான் அடுப்படியில் நின்று கேட்டேன். சந்தோசமாக இருந்தது. இப்போது நினைத்தால் அந்தச் சந்தோசத்தின் மேலேயே காறித் துப்பவேண்டும் போல இருக்கிறது.

அண்ணை முப்பத்தெட்டு வயதில்தான் கலியாணம் கட்டினார். காணியில்லாத ஆளுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? அருந்ததி மச்சாள் ஒரு சின்ன வீட்டோடு வந்தா. பிள்ளைகள் இல்லை. அண்ணை விடிய நாலு மணிக்கு நாவலடிக்குப் போவார், பொழுதுபட்டால்தான் வருவார். வெங்காயம், மரவள்ளி, பிறகு புகையிலை. ஒவ்வொரு போகத்துக்கும் ஒரு சாக்கு வெங்காயம் வட்டுக்கோட்டைக்கு வந்துவிடும். நான் ஒரு நாளும் அவரிடம் குத்தகை கேட்டதில்லை. இதை நான் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன், வெட்கம் கெட்டவள்!

1995 யுத்த இடப்பெயர்வில் எல்லாரும் நாவற்குழிப் பாலத்தால் சாவகச்சேரிக்குப் போனோம். நான் நகையை எடுத்தேன், கஜானியின் கையைப் பிடித்தேன். புத்தூரில் அம்மாவின் அலுமாரிக்குள் கிடந்த உறுதி எனக்கு நினைவே வரவில்லை. அண்ணை அதைப் பொலித்தீனில் சுற்றி, சேட்டுக்குள் வைத்துக் கட்டிக்கொண்டு நடந்தார். ஆறு மாதம் கழித்துத் திரும்பியபோது அதை என் கையில் தந்து, "பத்திரமா வை பிள்ளை" என்றார். மழையில் அவர் நனைந்திருந்தாலும் அது நனையவில்லை.

இனித்தான் நான் செய்த வேலை. 2012இல் கஜானிக்கு ஜெர்மனி மாப்பிள்ளை சரிவந்தது. காணியை அவள் பேரில் எழுத நொத்தாரிசிடம் போனோம். சாட்சிக்கு ஆள் வேண்டும், அண்ணையைக் கூட்டிப் போனேன். எங்கள் பக்கத்தில் பெற்றோர் பிள்ளைக்குக் காணி எழுதும்போது தங்களுக்குச் சீவிய உரித்து வைத்து எழுதுவது வழக்கம். அதாவது காணி பிள்ளைக்கு, ஆனால் சாகும்வரை அனுபவிப்பது இவர்கள். இவர்கள் கையெழுத்து இல்லாமல் பிள்ளையால் அதைச் சும்மா விற்றுவிட முடியாது.

நொத்தாரிசு கேட்டார்: "உங்களுக்குச் சீவிய உரித்து வைக்கிறதோ?"

"ஓம்" என்றேன்.

"வேறை ஆருக்கும் வைக்கவேணுமோ?"

அண்ணை பக்கத்துக் கதிரையில் கையில் பேனையோடு இருந்தார். இருபத்தெட்டு வருசமாக அந்த மண்ணைக் கொத்தின மனிசன். அவர் என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாய்மாமனுக்கும் உரித்து இருக்கிறது என்று எழுதினால் சம்பந்தி வீட்டார் இது வில்லங்கக் காணி என்பார்களோ என்று எனக்குப் பயம். "இல்லை" என்றேன். அண்ணை சாட்சியாகக் கையெழுத்து வைத்தார். வெளியில் வந்து எனக்குச் சோடா வாங்கித் தந்தார்.

பிறகு பன்னிரண்டு வருசம் அதைப் பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை.

போன வருசம் மாசியில் கஜானி போன் எடுத்தாள். "அம்மா, நாவலடியை வாங்க ஒராள் நிக்கிறார். வீடு கட்டப் போறாராம். நீங்கள் உங்கடை சீவிய உரித்தை விட்டு ஒரு கையெழுத்து வைச்சால் காணும்."

"ஓம் பிள்ளை."

"மாமாவுக்குச் சொல்லிப்போடுறியளோ? நான் சொல்லட்டோ?"

"நான் சொல்லுறன்."

சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது? இன்றைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்று இரண்டு கிழமை ஓட்டினேன். கோயிலுக்குப் போக நேரம் இருந்தது, செத்த வீட்டுக்குப் போக நேரம் இருந்தது, புத்தூருக்கு மட்டும் பஸ் இல்லாதவள் போல நடித்தேன். அதற்குள் நில அளவையாளர் வந்து காணியை அளந்துவிட்டுப் போய்விட்டார் என்று கஜானி மறுபடி போனில் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அந்தப் போனில்தான் அவள் தாங்கள் வாடகைக்கு இருக்கிற வீட்டின் சொந்தக்காரக் கிழவரின் கதையையும் சொன்னாள். நாலு தலைமுறையாகக் கமம் செய்யிற ஜெர்மன் குடும்பம். "அவர் தோட்டத்தை மகனுக்கு எழுதேக்கை, தன்ரை கலியாணம் கட்டாத தம்பிக்குச் சாகுமட்டும் ஒரு அறை, நாளுக்கு ஒரு லீற்றர் பால், விறகு, முட்டை எல்லாம் குடுக்கவேணும் எண்டு உறுதியிலை எழுதினவராம். முட்டையைக்கூட எழுதி வைச்சிருக்கினம் அம்மா!" அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெரியாத தேசத்துக் கிழவர் தம்பியின் முட்டையை மறக்கவில்லை. நான் பக்கத்தில் இருந்த அண்ணையை மறந்தேன். மறந்தேன் என்பதும் பொய், தெரிந்துதான் விட்டேன்.

"பிள்ளை, நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

அவள் சத்தம் போட்டாள், முதலே சொல்லியிருக்கலாமே என்றாள். அவள் கேட்டது சரிதான். மாமா பேரில் ஏதாவது எழுதித் தருவாயா என்று கெஞ்சினேன். "அதுமட்டும் கேக்காதேங்கோ அம்மா. உங்கடை காலமட்டும் மாமா செய்யட்டும். அதுக்குப் பிறகு நான் வித்துப்போடுவன்" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் முதல் பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து புத்தூர் பஸ் பிடித்தேன். மனதுக்குள் ஒரு பெருமைகூட இருந்தது, நான் ஏதோ பெரிய தியாகம் செய்துவிட்டு வருகிறவள் போல.

நாவலடி வெறும் மண்ணாகக் கிடந்தது. நடுகைக்குப் பிறகு நாற்பது நாள்கூட ஆகாத வெங்காயம், ஒரு பாத்தியிலும் இல்லை. அண்ணை கிணற்றடியில் தண்ணீர் இறைக்கிற மிசினைக் கழற்றி, குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை உது? வெங்காயம் எங்கை?"

"இழுத்துப்போட்டன். அளக்க வந்த பொடியன் சொன்னான், காணி விலையாகுது எண்டு. பயிரோடை கிடந்தால் வாங்கிறவர் ஏதும் சொல்லுவார், கஜானிக்குக் கரைச்சல். எல்லைக்கல்லுகளையும் நான்தான் கிண்டிக் காட்டினனான், அவனுக்கு இடம் பிடிபடேல்லை."

"ஐயோ, கிழங்கே திரண்டிராதே!"

"வெங்காயத் தாளாத்தான் வித்தது. என்ன செய்யிறது."

"என்னட்டை ஒரு சொல் கேட்டிருக்கலாமே அண்ணை?"

"உன்னட்டை என்னெண்டு பிள்ளை கேக்கிறது? உன்ரை காணியெல்லே."

குத்திச் சொல்லவில்லை, கோபமும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. அந்த இடத்திலேயே குந்தியிருந்து அழுதேன். இரண்டு கிழமைக்கு முதல் வந்திருந்தால் அந்த வெங்காயமாவது மிஞ்சியிருக்கும். அழுதழுது எல்லாவற்றையும் சொன்னேன், நொத்தாரிசிடம் சொன்ன அந்த "இல்லை"யையும் சேர்த்து. கையெழுத்து வைக்கமாட்டேன், நான் இருக்கும்வரை ஒருவரும் இந்தக் காணியில் கை வைக்கமுடியாது என்றேன்.

அண்ணை குழாயைக் கீழே வைத்தார்.

"அப்ப நீ இருக்குமட்டும்."

"ஓம் அண்ணை."

"நீ எனக்கு முந்திப் போனால்?"

எனக்கு அறுபத்து மூன்று, அவருக்கு அறுபத்தெட்டு. ஆனால் பத்து வருசமாகச் சீனி வருத்தம் எனக்கு, பிரசரும் இருக்கிறது, இரண்டுக்கும் நாளும் குளிசை விழுங்குகிறவள். அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை.

"குளிசையை ஒழுங்காப் போடு பிள்ளை," என்றார் அண்ணை. பகிடியாகச் சொல்லவில்லை. அவர் கண்ணில் பயம் இருந்தது.